இலை போடும் கையும் இலை எடுக்கும் கையும்

ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் ஒரு சின்னத் தட்டில் பில் வருகிறது. பக்கத்தில் கொஞ்சம் சோம்பும் சர்க்கரையும். பணத்தை வைக்கிறோம், மீதி வருகிறது. அதில் பத்து ரூபாயோ இருபது ரூபாயோ தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறோம். அந்தப் பணம் யாருக்குப் போகிறது? இதை யோசித்துப் பார்க்கிறவர்கள் குறைவு. நம் தெருவிலிருந்து ஹோட்டல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பெரிய கேள்வி.

ஒரு நடுத்தரமான ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். கல்லாவில் முதலாளி அல்லது அவருடைய உறவினர். அடுப்படியில் சரக்கு மாஸ்டர், வாசலில் பரோட்டா மாஸ்டர், டீ மாஸ்டர். மேசைக்கு மேசை நடப்பவர் சப்ளையர். அவர் பின்னாலேயே ஒரு வாளியும் துணியுமாக வருகிறவர் மேசை துடைப்பவர். பின்கட்டில், வெளிச்சம் குறைந்த இடத்தில் பாத்திரம் கழுவுகிறவர்கள். பெரும்பாலும் பெண்கள், பெரும்பாலும் வயதானவர்கள். கழிவறை கழுவவும் ஒருவர் உண்டு.

தட்டில் விட்ட பணம் சப்ளையருக்குப் போகும். சில இடங்களில் கல்லா அருகே ஒரு டப்பா வைத்து, வாரக் கடைசியில் எல்லோருக்கும் பிரிப்பார்கள். அப்போதும் மேசை துடைப்பவருக்குக் கால் பங்கு, பாத்திரம் கழுவுகிறவருக்கு ஒன்றுமில்லை என்ற கணக்கு உண்டு. எல்லா ஹோட்டலிலும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. சமமாகப் பிரிக்கும் முதலாளிகளும் இருக்கிறார்கள். ஆனால் பொதுவழக்கம் இதுதான்: சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கும் கைக்கு டிப்ஸ் உண்டு, எச்சிலை எடுக்கும் கைக்கு இல்லை.

எந்தக் கை எந்த வேலைக்கு என்று முடிவு செய்வது யார் என்று கேட்டால், விஷயம் சாதிக்கு வந்து நிற்கிறது.

'எந்த ஊர் தம்பி?'

வேலை கேட்டுப் போகிறவரிடம் பல ஹோட்டல்களில் முதலில் கேட்கும் கேள்வி இது. அடுத்த கேள்வி, ஊரில் எந்தப் பக்கம், எந்தத் தெரு. அப்பா பெயர், குலசாமி பெயர் என்று அது நீளும். நேராகச் சாதியைக் கேட்டால் தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள். பதில் தெரிந்ததும் 'சப்ளைக்கு ஆள் இருக்கு, கிளீனிங்தான் இருக்கு' என்று சொல்லிவிடுவார்கள். வேலை இல்லை என்று சொல்லவில்லை. ஆகவே பாகுபாடு காட்டினார் என்று நிரூபிப்பது கடினம். சின்ன ஊர்களில் இது அதிகம். சாப்பிட வருகிறவர்களுக்கு அந்தப் பையனைத் தெரியும், அவன் அப்பாவைத் தெரியும். அவன் கையால் பரிமாறினால் வியாபாரம் போய்விடும் என்று முதலாளி பயப்படுகிறார்.

இப்போது பல ஹோட்டல்களில் பீகார், ஒடிசா, அஸ்ஸாம், நேபாளம் என்று தூரத்துப் பையன்கள் பரிமாறுகிறார்கள். அவர்களின் தெருவை விசாரிக்க இங்கே யாருக்கும் வழி தெரியாது. அவர்களில் எத்தனை பேர் அங்கே நம்மைப் போன்றவர்கள் என்பதும் முதலாளிக்குத் தெரியாது. தெரியாத வரைக்கும் அவர்கள் வைக்கும் இட்லியில் தீட்டு இல்லை. தீட்டு என்பது கையில் இல்லை, விசாரிக்கிறவர் மனதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

உணவகமும் தீண்டாமையும் நம் மாநிலத்துக்குப் புதிதல்ல. தென்னிந்திய ரயில் நிலையங்களின் உணவு விடுதிகளில் பிராமணருக்குத் தனி இடமும் மற்றவர்களுக்குத் தனி இடமும் இருந்தன. பெரியாரும் அவருடைய இயக்கத்தாரும் எதிர்த்ததால் 1941-இல் அந்தப் பிரிவினை நீக்கப்பட்டது. ஹோட்டல் பலகைகளில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அழிக்க 1957-இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபே முன் மறியல் நடந்தது. பலர் சிறை சென்றார்கள். சொல் அழிந்தது.

நகரத்து ஹோட்டல்களில் பலகை இறங்கிய பிறகும் கிராமத்து டீக்கடையில் இரட்டைக் குவளை இறங்கவில்லை. ஊர்க்காரருக்குக் கண்ணாடி கிளாஸ் அல்லது பித்தளை டம்ளர். சேரிக்காரருக்கு சிரட்டையோ நசுங்கிய அலுமினியக் குவளையோ. குடித்துவிட்டு அவரே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போகவேண்டும். பெஞ்சில் உட்காரக்கூடாது. பிறகு காகிதக் கப் வந்தது. எல்லோருக்கும் காகிதக் கப் என்றால் நல்லதுதான். ஆளைப் பார்த்துக் காகிதக் கப் என்றால் அது பழைய குவளைதான்.

இந்தப் போராட்டங்கள் எல்லாம் பெரும்பாலும் சாப்பிடுகிறவரின் உரிமைக்காக நடந்தவை. உள்ளே போகலாமா, உட்காரலாமா, எந்தக் குவளை என்பவை அந்தக் கேள்விகள். பரிமாறுகிறவரின் உரிமை அவ்வளவாகப் பேசப்படவில்லை. நம் கையில் அவர்கள் தரமாட்டார்கள் என்பதைப் பேசினோம். நம் கையால் அவர்கள் வாங்கமாட்டார்கள் என்பதைக் குறைவாகவே பேசினோம்.

சீருடைக்குள்ளே

நம் மாணவர்களுக்கு இன்று நன்றாகத் தெரிந்த வேலை கேட்டரிங். முகூர்த்த நாளுக்கு முந்தின மாலை, கல்லூரி முடிந்ததும் ஒரு வேன் வந்து நிற்கும். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, கையுறை, தலையில் தொப்பி. இரவு ரிசப்ஷன் பந்தி, விடியற்காலை டிபன், மதியம் சாப்பாடு. இரண்டு மணி நேரம் மண்டபத்து மொட்டை மாடியில் தூக்கம். முடிந்ததும் கையில் காசு. தேர்வுக் கட்டணமும் பஸ் பாஸும் செல்போன் ரீசார்ஜும் அந்தக் காசில்தான்.

நானும் கல்லூரிக் காலத்தில் இந்த வேலைக்குப் போனேன். நகரத்து மண்டபத்தில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். சாம்பார் வாளியோடு நடந்தால் 'தம்பி, இங்கே கொஞ்சம் ஊத்துப்பா' என்பார்கள். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் நான் பந்தி நடக்கும் பந்தலுக்குள்ளேயே போகமுடியாது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, ஒரு தொப்பியும் கையுறையும் போட்டால் போதும், நூறு இலைக்கு நான் பரிமாறலாம்.

ஒரு முறை அந்த வரிசையில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் அவர் இலைக்கு வந்தபோது முகத்தைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. இலையின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டார், போதும் என்பது போல. இலையில் சோறு அப்படியே இருந்தது. குழம்பு இன்னும் விழவில்லை. அடுத்த இலைக்குப் போனேன். அந்தப் பந்தி முடிவதற்குள் சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு வாளியை வாங்கிக்கொண்டு, இலை எடுக்கும் பக்கம் அனுப்பினார். ஏன் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு வேன் எங்கள் தெருவுக்கு வராது. என்னோடு ஆறு பேர் அதே வேனில் வந்தவர்கள்.

அன்று மாலை பெண் வீட்டார் பரிமாறிய பையன்களுக்கு ஆளுக்கு ஐம்பது ரூபாய் கொடுத்தார்கள். இலை எடுத்தவர்கள் அந்த வரிசையில் இல்லை. அந்த ஐம்பது ரூபாயைப் பற்றி நான் இன்றைக்கும் எழுதுவதற்குக் காரணம் தொகை இல்லை. மேலே சொன்ன இரண்டும் ஒன்றோடு ஒன்று எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதை அன்றுதான் பார்த்தேன். சாதி வேலையைப் பிரிக்கிறது. வேலை டிப்ஸைப் பிரிக்கிறது.

இது தனி ஆள் கதை என்று ஒதுக்கமுடியாது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில், அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பெண் சத்துணவு சமைக்கக்கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். அவரை முதலில் இடமாற்றம் செய்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. 2023-இல் காலை உணவுத் திட்டம் விரிந்தபோது கரூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் இதே பிரச்சினை வந்தது. மாவட்ட ஆட்சியரே பள்ளிக்குப் போய் அந்தப் பெண் சமைத்த உணவைச் சாப்பிட்டார். அரசு வேலையிலேயே இந்த நிலை என்றால், கல்லாக்காரர் மனம்போல் ஆள் எடுக்கும் ஹோட்டலில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இனாம் என்ற பழைய சொல்

டிப்ஸ் புதுச் சொல். இனாம் பழைய சொல். நம் பெரியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பொங்கல் இனாம், தீபாவளி இனாம், சாவு வீட்டு இனாம். வருடம் முழுக்க ஊர் வேலை செய்துவிட்டு, அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் துண்டை ஏந்தி நின்று இரண்டு மரக்கால் நெல் வாங்கியவர்கள் அவர்கள். அது கூலி என்று சொல்லப்படவில்லை, கொடுக்கிறவரின் தாராளம் என்று சொல்லப்பட்டது. கோபம் வந்தால் அளவு குறையும். எதிர்த்துப் பேசினால் நின்றுபோகும்.

இதை அண்ணல் அம்பேத்கர் மிகத் தெளிவாகப் பார்த்தார். மகாராஷ்டிரத்தில் மகர் மக்கள் வட்டன் என்ற பரம்பரை முறைப்படி அரசாங்கத்தின் கிராம வேலைகளைச் செய்தார்கள். வேலை வாங்கியது அரசாங்கம். ஆனால் கூலியின் பெரும்பகுதியை ஊர்க்காரர்களிடம் தானியமாகப் போய் வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மகர்கள் சுயமரியாதையோடு நடக்கத் தொடங்கியதும் ஊர்க்காரர்கள் அந்தத் தானியத்தை நிறுத்திப் பணியவைக்கப் பார்த்தார்கள். 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் இதை மாற்ற ஒரு மசோதா கொண்டுவந்தார். வீடு வீடாக வாங்கும் முறை ஒழிந்து முறையான சம்பளம் வரவேண்டும் என்பது அதன் நோக்கம். அவர் மறைந்த பிறகு, 1958-இல் வந்த சட்டம்தான் அந்த வட்டன் முறையை ஒழித்தது.

இப்போது ஹோட்டலைப் பாருங்கள். வேலை வாங்குகிறவர் முதலாளி. சம்பளம் குறைவு என்று சொன்னால், 'டிப்ஸ் வருதில்ல' என்கிறார். அதாவது மீதிக் கூலியைச் சாப்பிட வருகிறவரிடம் போய்ச் சிரித்து, குனிந்து வாங்கிக்கொள் என்கிறார். களத்துமேட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கும் இதுதான் நடந்தது. அடிமை முறை ஒழிந்த பின், புல்மன் என்ற ரயில்பெட்டி நிறுவனம் விடுதலை பெற்ற கறுப்பர்களைப் படுக்கைப் பெட்டிகளில் வேலைக்கு வைத்தது. சம்பளம் மிகக் குறைவு. பயணிகள் தரும் டிப்ஸ்தான் பிழைப்பு. பயணிகள் அவர்களை அவரவர் பெயரால் கூப்பிடவில்லை. நிறுவன முதலாளியின் பெயரால் எல்லோரையும் 'ஜார்ஜ்' என்றார்கள். 1925-இல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். பன்னிரண்டு ஆண்டு போராட்டத்துக்குப் பின் 1937-இல் நிறுவனம் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. சம்பளம் உயர்ந்தது, மாதம் சுமார் 400 மணி நேரமாக இருந்த வேலை 240 மணி நேரமாகக் குறைந்தது. ஆனால் அந்த நாட்டில் டிப்ஸ் பிரச்சினை தீரவில்லை. மற்றவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். டிப்ஸ் வாங்கும் வேலையாட்களுக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும், மீதி டிப்ஸில் வரவேண்டும் என்ற கணக்கு 1991-இலிருந்து அப்படியே இருக்கிறது. சில மாநிலங்கள் மட்டும் இதை மாற்றியிருக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியச் சட்டத்தில் அப்படி இரண்டு அளவுகோல் இல்லை. இது நம் பிள்ளைகள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது. தமிழ்நாட்டில் ஹோட்டல் வேலை குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயிக்கப்பட்ட தொழில்களில் ஒன்று. 1948-ஆம் ஆண்டின் சட்டமானாலும், அதற்கு மாற்றாக நாடாளுமன்றம் நிறைவேற்றிய 2019 ஊதியத் தொகுப்பானாலும் விதி ஒன்றுதான்: நிர்ணயித்த தொகைக்குக் குறைத்துக் கொடுக்கக்கூடாது. டிப்ஸ் வருகிறது என்று காரணம் சொல்லிக் கழிக்கக்கூடாது. வேலையாள் சம்மதித்தார் என்றும் சொல்லமுடியாது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே வேலை வாங்குவது அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்று உச்ச நீதிமன்றம் 1982-இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது.

டிப்ஸைப் பற்றியும் உச்ச நீதிமன்றம் பேசியிருக்கிறது. 2016-இல் ஒரு வருமான வரி வழக்கில், டிப்ஸ் வாடிக்கையாளர் தருவது, அது முதலாளி தரும் சம்பளம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ், பணிக்கொடை எல்லாமே சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். சம்பளம் ஆறாயிரம், டிப்ஸ் ஆறாயிரம் என்று சந்தோஷப்படும் பையன் எண்ணெய் கொட்டி ஒரு மாதம் படுத்தால், அந்த டிப்ஸ் ஆறாயிரத்துக்கு எந்தக் கணக்கும் இல்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஹோட்டலில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்தான், முதலாளி பங்கு 3.25 சதவீதம். இ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா என்று சேரும்போதே கேளுங்கள்.

சாதி பார்த்து வேலையைப் பிரிப்பதும் குற்றம். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 1955 என்றால் கடைக்குள் நுழைவதும் குவளையும் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் 4-ஆம் பிரிவில் தீண்டாமையின் பேரால் ஒருவரை ஒரு வேலை செய்யவிடாமல் தடுப்பதும் அடங்கும். 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் 2015 திருத்தத்தால் இது சேர்க்கப்பட்டது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை. 'உனக்குக் கிளீனிங்தான், சப்ளை கிடையாது' என்பது சாதியால் வந்தது என்று காட்டமுடிந்தால், அது புகார் செய்யவேண்டிய விஷயம்.

காட்டுவதற்கு ஆதாரம் வேண்டும். அதனால் வேலைக்குப் போகும் மாணவர்கள் சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வேலை செய்த தேதி, நேரம், வாங்கிய தொகை மூன்றையும் ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். பணத்தை முடிந்தவரை வங்கிக் கணக்கிலோ செல்போனிலோ வாங்குங்கள், அது பதிவாகும். தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். ஒரே வேனில் போகிற ஆறு பேரும் சேர்ந்து கேளுங்கள். சம்பளக் குறைவுக்கு மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம் இருக்கிறது. சாதிக் கொடுமைக்கு 14566, இலவசச் சட்ட உதவிக்கு 15100 என்ற எண்கள் இருக்கின்றன. பதினான்கு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை ஹோட்டலில் வேலைக்கு வைப்பது 2006 அக்டோபரிலிருந்தே தடை. மேசை துடைக்கும் சின்னப் பையனைப் பார்த்தால் 1098-க்குச் சொல்லுங்கள்.

சாப்பிடப் போகும் நாம்

இப்போது செல்போனில் பணம் கட்டுவது எங்கும் வந்துவிட்டது. மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை முதலாளி கணக்குக்குப் போகிறது. சில்லறை இல்லை, அதனால் டிப்ஸும் இல்லை. சப்ளையர்களின் வருமானம் சத்தமில்லாமல் குறைகிறது. பெரிய உணவகங்களில் பில்லிலேயே சர்வீஸ் சார்ஜ் சேர்த்துவிடுவார்கள். அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. வேண்டாம் என்று சொல்லலாம். நீக்க மறுத்தால் 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். அந்தப் பணம் நமக்குப் பரிமாறியவருக்குப் போகிறதா என்று பில்லைப் பார்த்துச் சொல்லமுடியாது. அதைவிட நேராகக் கையில் கொடுப்பது மேல்.

டிப்ஸ் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சம்பளம் சரியாகும் வரை அந்த இருபது ரூபாய் ஒரு வீட்டில் பால் பாக்கெட். கொடுங்கள். கொடுக்கும்போது மேசை துடைப்பவருக்கும் கொடுங்கள். தட்டில் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகாமல் கையில் கொடுங்கள். 'டேய்' என்று கூப்பிடாதீர்கள். தம்பி, அண்ணே, அக்கா என்ற சொற்கள் நம் மொழியில் இருக்கின்றன. விரலைச் சொடுக்கிக் கூப்பிடும் பழக்கத்தை நம் பிள்ளைகளிடமிருந்து முதலில் நீக்குவோம்.

சங்கங்களுக்கும் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். டீக்கடைகளில் குவளையைக் கணக்கெடுத்தது போல, நம் மாவட்டத்து ஹோட்டல்களிலும் கேட்டரிங் வேன்களிலும் யார் பரிமாறுகிறார்கள், யார் இலை எடுக்கிறார்கள் என்று கணக்கெடுங்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போங்கள். இந்த ஆவணி முகூர்த்தங்களுக்கும் நம் தெருவில் வேன் வந்து நிற்கும். ஏறும் முன்பே அந்தப் பிள்ளைகள் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இன்றைக்குச் சம்பளம் எவ்வளவு, எனக்கு எந்த வேலை.